நீர்த்துளிக்குள் நின்றவன்

செம்பருத்தியின் மூன்றாவது இதழில், கடுகளவு நீர்த்துளிக்குள், ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

லேப்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையில் படத்தை இன்னும் பெரிதாக்கினார். சந்தேகமே இல்லை. ஆள்தான்.

வாரத்தில் ஆறு நாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தே பழகிப் போனவர் அவர். ஞாயிறு வந்தால் கேமராவும் கையுமாகக் கிளம்பிவிடுவார். பூ கிடைத்ததும் சின்ன ஸ்ப்ரே பாட்டிலால் 'புஸ்' என்று தண்ணீர் அடித்து, துளி உருள்வதற்குள் படமெடுப்பது அவர் பாணி. துளியில் அவரே தெரிவது சகஜம். குனிந்த உடம்பு, முக்காலி, கொஞ்சம் வானம். இன்று அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தன். ஒரு கை தலைக்கு அருகே உயர்ந்திருந்தது. அதில் கறுப்பாக என்னவோ.

பழைய படங்களைத் திறந்தார். போன வாரத்து ஏரித் தாமரை. இருந்தான். போன மாதம் மூன்று பஸ் மாறிப் போய் எடுத்த மலைக்காட்டு ஆர்க்கிட். அங்கேயும் இருந்தான்! அதே உயர்ந்த கை.

"இங்க வாயேன், சீக்கிரம்!"

"பூவா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஆளு!"

எட்டிப் பார்த்தவளின் முகம் ஒரு நொடி வெளுத்தது. "தூசிங்க அது" என்றாள்.

"தூசிக்குக் கை முளைக்குமா? எவனோ என்னைத் தீர்த்துக்கட்டப் பின்னாலயே வர்றான்டி!"

"நீங்க யாருக்காச்சும் சுகர் நானூறுன்னு எழுதிக் கொடுத்திருப்பீங்க."

"விளையாடாதே. நான் போலீஸுக்குப் போறேன்."

"போலீஸெல்லாம் வேண்டாங்க!" அவள் போட்ட கூச்சலில் கரண்டி கீழே விழுந்தது.

லேப்காரர் அவளை உற்றுப் பார்த்தார். இவளையும் மிரட்டி வைத்திருக்கிறானோ?

நாலு பேர் சாட்சிக்கு இருந்தால் நல்லது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அழுத்தினார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த டி.வி. சட்டென்று செத்தது. கதவின் துவாரம் இருண்டது. யாரோ கண்ணை வைத்துப் பார்க்கிறார்கள். மூச்சுக் காட்டவில்லை. பக்கத்து வீட்டில் மணியடித்தார். விளக்கு அணைந்தது.

மாடிப்படியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், காய்கறிப் பையோடு ஏறி வந்தார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன்..."

லேப்டாப்பைக் கண்டதும் பை நழுவியது. தக்காளிகள் படிப்படியாக இறங்கின.

"நான் எதையும் பாக்கல! இனிமேலும் பாக்க மாட்டேன்! புள்ளகுட்டிக்காரன் சார், விட்டுடுங்க!" எழுபது வயசுக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி மறைந்தார்.

கட்டடமே நடுங்குகிறது! அப்படியானால் வந்திருப்பவன் எப்பேர்ப்பட்ட கொலைகாரனாக இருக்க வேண்டும்!

கேட்டுக்கு ஓடினார். வாட்ச்மேன் ஸ்டூலில் கால் நீட்டி, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை என்கூடத் துணைக்கு வர்றியா?"

வாட்ச்மேன் சட்டென்று காலை மடக்கிக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை எனக்கு வேற டியூட்டி இருக்கு சார்."

இவனும் கை கழுவிவிட்டான்.

அந்த வாரம் முழுக்க லேப்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஊசி குத்தும்போது அவர் அடிக்கடி முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க, நோயாளிகள் பதறினார்கள். தினம் தினம் சாவதைவிட ஒரேயடியாக மோதிப் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை முடிவெடுத்தார்.

ஞாயிறு காலை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி. காக்கைகூட இல்லை. பாறை இடுக்கில் ஓர் ஊமத்தம்பூ. மண்டியிட்டு, 'புஸ்' அடித்து, லென்ஸ் வழியாகத் துளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பூ எங்கே தெரிந்தது? கண் முழுக்கத் துளியில்தான்.

சருகு நொறுங்கியது.

துளிக்குள் ஒரு புள்ளி. புள்ளிக்குக் கால் முளைத்தது. நெருங்கியது. கை மெல்ல உயர்ந்தது.

"அம்மா!" என்று அலறிக்கொண்டே திரும்பி, ஸ்ப்ரே பாட்டிலை அவன் கண்ணில் அடித்தார். அடுத்த அடி முக்காலியால்.

"ஐயோ சார், நான்தான் சார்!"

கண்ணைக் கசக்கிக்கொண்டு தரையில் கிடந்தவன் வாட்ச்மேன்.

"நீயா? அடப்பாவி! தினம் எனக்கு வணக்கம் வச்ச கையா இது?"

அந்தக் கையிலிருந்து தெறித்து விழுந்த கறுப்பு சமாச்சாரம் பேசியது. செல்போன். அதில் அவர் மனைவியின் குரல்.

"என்னப்பா, இன்னும் முடியலையா? முடிஞ்ச உடனே சொல்லு. இங்க எல்லாரும் தயாரா இருக்காங்க."

தாலி கட்டிக்கொண்டவளே! லேப்காரர் பாறையில் சாய்ந்துகொண்டார்.

"யாரு... யாருடா உன்னை ஏவினது? இவ மட்டுமா?"

"பதினாறு வீட்டுக்காரங்களும்தான் சார். சங்கத்துல தீர்மானமே போட்டாங்க."

"பதினாறு வீடும் சேர்ந்தா என்னைக் கொல்லணும்?"

"கொலையா? அட நீங்க வேற!" வாட்ச்மேன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "நீங்க வீட்டுக்குக் கெளம்பினதும் நான் ஒரு போன் அடிச்சா, எல்லாரும் வெளக்கை அணைச்சுக் கதவைத் தாப்பாப் போட்டுக்குவாங்க சார். பின்னே, போன வருஷம் உங்க லேப்டாப்புல சிக்கின ஹெட்மாஸ்டர், நானூத்திப் பன்னெண்டு பூவையும் பாத்து முடிச்சு வெளிய வர்றதுக்குள்ள அவரு பொண்ணுக்கு நிச்சயதார்த்தமே முடிஞ்சுபோச்சாமே!"