சத்தமில்லாமல் பார்த்த வளைகாப்பு

ஆரணி,
ஐப்பசி மாதம், திங்கட்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஆதீஷ் அவர்களுக்கு, மாமனார் நேமிசந்திரன் எழுதுவது. இங்கே நானும், முழங்கால் நீங்கலாக உங்கள் மாமியாரும், நலம். புனேயில் நீங்களும் மஹிமாவும் உங்கள் தாயார் லீலா அம்மாளும் நலமாக இருப்பதை நேற்றுக் கண்ணால் கண்டோம். காதால் கேட்கத்தான் முடியவில்லை. அதைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

இதில் ஒரு வேண்டுகோளும் ஒரு ஒப்புதல் வாக்குமூலமும் உள்ளன. வேண்டுகோளைக் கடைசியில் வைத்தால் அதற்குள் எனக்குத் தைரியம் போய்விடும் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். மஹிமாவைப் பிரசவத்துக்கு இங்கே அனுப்பிவைக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதால் தலைப்பிரசவம் புனேயிலேயே நடக்கட்டும் என்று ஆவணியில் எல்லோருமாகப் பேசி முடிவு செய்ததும், அதற்கு முதலில் தலையாட்டியவன் நானே என்பதும் நினைவில் இருக்கிறது. பதிவுத்துறையில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவன், பதிவாகிவிட்ட பத்திரத்தைத் திருத்தித்தரச் சொல்லிக் கேட்பது எவ்வளவு முறையற்றது என்பதும் தெரியும். ஆனால் நேற்று வளைகாப்பின் நடுவே மஹிமா ஒரு வார்த்தை சொன்னாள். அது எங்கள் காதில் விழவில்லை. பின் எப்படித் தெரிந்தது என்று சொல்லவேண்டுமானால், நீங்கள் ஆசையாக வாங்கித்தந்த கம்ப்யூட்டருக்கு நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

கம்ப்யூட்டர் சில மாதங்களாகவே மெதுவாகிவிட்டது. காலையில் அதன் விசையை அழுத்திவிட்டு, நான் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, இட்லி சாப்பிட்டு முடிக்கவும், அது எழுந்து உட்காரவும் சரியாக இருந்தது. வளைகாப்புக்குப் புனே வர உங்கள் மாமியாரால் முடியாது, கைப்பேசியின் சின்னத் திரையில் அவளுக்கு முகம் தெரியாது, ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று, யாரையும் தொந்தரவு செய்யாமல் நானே முனைந்ததுதான் முதல் தவறு. கம்ப்யூட்டரை இலவசமாக வேகப்படுத்துவதாகச் சொன்ன ஒரு மென்பொருள் கண்ணில் பட்டது. நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்று கேட்டது. நிபந்தனைகள் முப்பத்தெட்டுப் பக்கம். படிக்காமல் எதிலும் கையெழுத்திட்டுப் பழக்கமில்லை என்பதால் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில் அது தன் தோழர்களையும் அழைத்துவரும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார்களே என்று மனம் நிறைந்து சம்மதம் கொடுத்தேன். தோழர்கள் வந்தார்கள். ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் திரையின் மூலையில் தோன்றி நியூசிலாந்தின் வெயில் அளவைச் சொன்னார். ஒருவர் செருப்பு வாங்கச் சொன்னார். ஒருவர், கம்ப்யூட்டரில் நானூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகள் உள்ளன என்று சிவப்பு எழுத்தில் அலறினார். ஆபத்துகளைக் களைய மூன்று மணி நேரம் ஆகும் என்றும் அவரே சொன்னார். நான் பகல் தூக்கம் முடிந்து நான்கு மணிக்குத் தொடங்குவேன், ஆனால் நம் ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாடு ஆகவேண்டுமே, ஐந்தரைக்கு உங்கள் மாமியார் தட்டு வைத்துவிடுவாள், எரியும் அடுப்பை விட்டுப் போகாதது போல ஓடும் இயந்திரத்தையும் விட்டுப் போகக் கூடாது என்று நான் அதை அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இப்படி ஐந்து நாள் நடந்தது. ஐந்து நாளும் ஐம்பது சதவீதத்தைத் தாண்டவில்லை. காலையிலேயே தொடங்கலாமே என்று ஆறாம் நாள்தான் தோன்றியது. அதற்குள் ஆபத்துகள் தொள்ளாயிரம் ஆகியிருந்தன.

பிறகு பழைய பஸ் நிலையத்துக்கு அருகே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெயவேலுக்குத் தொலைபேசினேன். "சார், ஒண்ணியும் பயப்படாதீங்க. லிஸ்ட்ட தெறந்து பாருங்க, எது இன்னான்னு தெரியலியோ அத்த தூக்கிடுங்க" என்றார். தெரியாது என்பதற்காக ஒன்றை எப்படி நீக்குவது, அது முக்கியமானதாக இருந்து நமக்குத் தெரியாமல் இருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். "சார், பேஜார் பண்ணாதீங்க சார், கடையில ஆளுங்க நின்னுகினு கீறாங்க" என்று வைத்துவிட்டார்.

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, தெரிந்தவை, தெரியாதவை, சந்தேகத்துக்குரியவை என்று மூன்று பத்தி போட்டு, கம்ப்யூட்டரில் இருந்த அறுபத்து மூன்று மென்பொருள்களையும் எழுதினேன். தெரிந்தவை நான்கு. மற்றவற்றை ஒவ்வொன்றாக, நேரம் குறித்து, நீக்கத் தொடங்கினேன். அதில் ஒன்று, எங்களை ஏன் நீக்குகிறீர்கள், எங்களிடம் என்ன குறை என்று கேட்டு, பதில் எழுதக் கட்டமும் கொடுத்தது. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் எப்படி எழுந்திருப்பது? தங்கள் சேவையில் குறையொன்றும் இல்லை, மகளின் வளைகாப்பை முன்னிட்டு இந்த முடிவு எடுக்க நேர்ந்தது, என்னால் மனம் வருந்தியிருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். பின்னால் நின்று பார்த்த உங்கள் மாமியார், "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல எனக்கு இப்படி ஒரு லெட்டர் வந்ததில்ல" என்றாள். என் பதிலைப் படித்ததும் அது, இன்னும் ஒரு மாதம் இலவசமாக இருந்துவிட்டுப் போகிறேனே என்றது. எனக்கும் மறுக்க நா எழவில்லை. அதை மட்டும் விட்டுவைத்தேன். மற்ற ஐம்பத்தெட்டும் சனிக்கிழமை மதியத்துக்குள் போயின. மாப்பிள்ளை, நீங்கள் நம்பமாட்டீர்கள், சனிக்கிழமை அது நான்கே நிமிடத்தில் எழுந்தது. எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது. அது ஞாயிறு காலை பத்து மணி வரை நீடித்தது.

பத்து மணிக்குத் திரையில் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். மஹிமா மனையில் உட்கார்ந்திருந்தாள், கைக்கு எட்டும் தூரத்தில் முக்காலிமேல் லேப்டாப்பை வைத்திருந்தீர்கள், அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. எல்லோருடைய வாயும் அசைந்தது. சத்தம் வரவில்லை. பேசுவதற்கான மென்பொருளைத்தான் நான் தெரியாதவை பத்தியில் போட்டு நீக்கிவிட்டிருக்கிறேன் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நீங்கள் கைப்பேசியில் கூப்பிட்டிருக்கலாமே என்றால், நல்ல காரியத்தின் நடுவே மணி அடிக்கக் கூடாதென்று அதன் வாயை அடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். நடுவில் மஹிமா உங்களுக்குக் கைகாட்டியதும் நீங்கள் கைப்பேசியைக் காதில் வைத்ததும் தெரிந்தது. யாரையோ விருந்துக்கு அழைக்கிறீர்கள் என்று நினைத்தோம். நீங்கள் பதினொரு முறை என்னைத்தான் அழைத்தீர்கள் என்பதை மாலையில்தான் பார்த்தேன். உங்கள் மாமியார் திட்டியிருந்தால் தேவலை. மடியில் கையை வைத்துக்கொண்டு, வளையல் சத்தம் கேட்காத வளைகாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தெய்வநாயகி வளையல் போடுவதைப் பார்க்க வந்தார். உங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்தவர் அவர்தான். விசைத்தறிக் கூடத்தில் முப்பது வருடமாக வேலை செய்கிறவர். அங்கே ஓடும் தறிகளின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, ஆகவே அவர்கள் எல்லாம் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். "சத்தம் இன்னாத்துக்கு சார்? நகருங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு எங்களுக்கு எல்லாம் கேட்டது. லீலா அம்மாள், "முதல்ல கண்ணாடி வளையல், அப்புறம் வெள்ளி" என்றார்கள். ஜரிகைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர், "பாயசம் எப்ப?" என்று மூன்று தரம் கேட்டார். நீல மேல்சட்டைக்காரர் எங்கள் பக்கம் பார்த்து, "இந்த மாமனாரு ஏன் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி உக்காந்துகினு கீறாரு?" என்றார். புனேக்காரர் எப்படி இவ்வளவு சுத்தமான ஆரணிப் பேச்சு பேசுகிறார் என்று எனக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்தது. நான் வழக்கம்போல் நோட்டில் எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டே வந்தேன். அப்போது மஹிமா, கை நிறைய வளையலோடு, திரையை நேராகப் பார்த்து உதட்டை அசைத்தாள். தெய்வநாயகி திரையை விட்டுத் திரும்பி உங்கள் மாமியாரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அம்மா, எனக்கு அங்க வரணும் போல கீதும்மா. உன் காலு வலிக்குமேன்னுதான் கேக்கல" என்றார்.

உங்கள் மாமியார் எழுந்துவிட்டாள். தடி இல்லாமல் எழுந்தாள். "அடி பைத்தியக்காரி, காலு என்னடி காலு!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினாள். மஹிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு படம் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை, நேற்று மாலை தொலைபேசியில் மஹிமா "பாத்தீங்களா?" என்று கேட்டாள், "பாத்தோம்" என்றாள் இவள். இரண்டு பேரும் வேறொன்றும் பேசவில்லை. அவள் கேட்க மாட்டாள், இவளும் கேட்க மாட்டாள், ஆகவே நான் கேட்கிறேன். உங்கள் மாமியார் இப்போது வாசல் கேட்டு வரை போய்த் திரும்புகிறாள், நாற்பத்திரண்டு அடி, எண்ணிவைத்திருக்கிறேன். முன்னறையில் காற்று நன்றாக வரும். ஒன்பதாம் மாதம் பயணம் கூடாது என்பதால் கார்த்திகைக்குள் அழைத்துவந்தால் நல்லது. உங்கள் தாயாருக்கு இதில் வருத்தம் வருமானால், கேட்டது நான் மட்டுமே, மஹிமா அல்ல என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கம்ப்யூட்டருக்காக எவ்வளவு கோபம் வந்தாலும் அதை என்மேல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு எங்கள் இருவரின் ஆசிகளும், உங்கள் தாயாருக்கு எங்கள் வணக்கமும். எல்லோரும் நிறைந்த நலத்தோடு இருக்கப் பிரார்த்திக்கும்,

அன்புள்ள மாமனார்,
நேமிசந்திரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஜெயவேல் வந்துவிட்டார். மேசைக்குக் கீழே குனிந்து, "இன்னா சார் இது, ஸ்பீக்கர் ஒயரு சும்மா தொங்கிகினு கீது?" என்றார். ஒயர் ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட சீட்டுக் கட்டிவைப்பது என் வழக்கம். ஞாயிறு காலை உங்கள் மாமியாரின் மின் ஒத்தடப் பையைச் செருக ஏழாம் எண் சீட்டுக் கட்டிய ஒயரைப் பிடுங்கியது நான்தான். ஏழு எது என்ற பட்டியல் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. ஆகவே நான் நீக்கிய ஐம்பத்தெட்டுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. அதோடு, "மைக்கு சரியாத்தான் கீது, இங்க பேசுனதெல்லாம் அங்க நல்லாவே கேட்டிருக்கும் சார்" என்றும் சொன்னார்.

அவரோடு கூடவே வந்து நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த தெய்வநாயகிக்கு முகம் மாறிவிட்டது. "சார், கோச்சுக்காதீங்க. படம் நின்னு நின்னு வந்துது, உதடு எங்க தெரிஞ்சுது? பாயசமும் வளையலும் எல்லா வூட்லயும் கேக்கறதுதானே. ஏழாம் மாசத்துல ஒரு பொண்ணு அவங்கம்மாவப் பாத்து வேற இன்னா சொல்லும்? அதான் சொன்னேன்" என்றார்.

ஆக, மஹிமா அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. நாங்கள் பேசியது மட்டும் அவள் பக்கத்திலிருந்த லேப்டாப்பில் முழுவதும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். உங்கள் மாமியார், "அந்த நோட்டைக் கொண்டாங்க" என்றாள். கொண்டுவந்தேன். 10.52: தெய்வநாயகி சொன்னது. 10.53: மஹிமா கண்ணைத் துடைத்தது. வரிசை சரியாகவே இருக்கிறது: அதைக் கேட்ட பிறகுதான் கண்ணைத் துடைத்திருக்கிறாள், மாலையிலும் அதை மறுக்கவில்லை. கடிதத்தை இப்படியே அனுப்புகிறேன்.