அப்பா பெயரை வெட்ட வாங்கிய மோட்டார்

பெரம்பலூரில் நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவன், பெற்ற தகப்பனின் கல்லறைக் கல்லைக் கெடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது லேசான காரியமில்லை. (வேலை கிடைக்கவில்லை என்பதை அதற்கு முன்பே ஒப்புக்கொண்டாயிற்று.)

படிப்பு முடிந்து வரதராசன்பேட்டை வீட்டுக்கு வந்ததும், கம்ப்யூட்டர் சொன்னபடி கல்லில் எழுத்து வெட்டும் இயந்திரம் ஒன்றைச் சாப்பாட்டு மேஜைமேல் கட்ட ஆரம்பித்தேன். வீட்டில் எல்லோரும் சாப்பிடத் தரைக்கு இறங்கினார்கள். அப்பா கையில் தட்டோடு அதைச் சுற்றிக்கொண்டு போவார். "இது என்னைக்குடா ஓடும்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அடுத்த மாதம் என்றேன். அதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். இயந்திரத்தின் முதல் வேலை அவருடைய கல்லறைக் கல்தான் என்று பிடிவாதமாக நின்றேன். அரியலூரில் ஆள் வைத்து வெட்டித் தருகிறேன் என்று சொன்ன சித்தப்பாவிடம், "எங்கப்பா பேர வேற எவனும் வெட்டக் கூடாது" என்று வசனம் பேசினேன்.

இயந்திரத்துக்கு இன்னும் வாங்காமல் இருந்தவை ஸ்டெப்பர் மோட்டார்கள்தான். இத்தனை படி திரும்பு என்றால் அத்தனை படி திரும்புகிற மோட்டார். அதை வாங்குமுன் எத்தனையோ பார்க்க வேண்டும். நான் பார்த்தது பலம் என்று போட்டிருந்த எண்ணை மட்டும். எது பெரிய எண்ணோ அது. வந்து இறங்கிய ஒவ்வொன்றும் பூசணிக்காய் கனம். செந்துறையில் டீச்சராக இருக்கும் அக்கா பெட்டிமேல் இருந்ததைப் படித்துவிட்டு, "இது நிக்கும்போது உள்ள பலம்னுல்ல போட்டிருக்கு. ஓடும்போது எவ்வளவு?" என்று கேட்டாள். பலம் என்றால் பலம்தான், உனக்கென்ன கணக்கு தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். (அவள் கணக்கு டீச்சர்.)

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் காலை, கறுப்புக் கல்லை மேஜையில் பூட்டினேன். அம்மா, அக்கா, சித்தப்பா மூவரும் சுற்றி நின்றார்கள். மெதுவாக ஓட்டினேன். அப்பாவின் பெயர் அச்சடித்த மாதிரி வந்தது. அடுத்த வரியில் பிறந்த தேதியும் வந்தது. அம்மா கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். பார்க்க ஆள் இருக்கிறதே என்று வேகத்தை மூன்று மடங்கு ஏற்றினேன்.

அடுத்த வரிக்குத் தாவ வேண்டிய இயந்திரத்தின் கை, 'கர்ர்' என்று உறுமிவிட்டு அங்கேயே நின்றது. வேகம் கூடக்கூட அந்த மோட்டாரின் பலம் வடிந்துவிடும். நகர முடியாமல் நின்றாலும் கம்ப்யூட்டரிடம் சொல்லாது. கம்ப்யூட்டரும் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி வெட்டச் சொல்லும்.

சித்தப்பாதான் முதலில் கவனித்தார். "கை கீழ எறங்கவே இல்லியேடா" என்றார்.

"அதுக்குத் தெரியும். நீங்க பேசாம பாருங்க சித்தப்பா" என்றேன்.

பார்த்தார். பிறந்த தேதியின் மேலேயே இறந்த தேதியை அது அழகாக, ஆழமாக வெட்டி முடித்தது. அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்க வருவதற்குள் சித்தப்பா கல்லைக் குப்புறப் போட்டு, சொரசொரப்பான பின்பக்கத்தில் பெயிண்ட்டால் பெயரும் தேதியும் எழுதினார். பெயிண்ட் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை. வருடா வருடம் நான்தான் டப்பாவும் பிரஷுமாகப் போய் எழுதுகிறேன். வருடா வருடம் சித்தப்பா சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்கிறார்: "எங்கண்ணன் பொறந்த அன்னைக்கே செத்துட்டாருன்னா, நீ எங்கேருந்துடா வந்த?" எல்லோரும் சிரிக்கிறார்கள். வேறு வழியில்லாமல் நானும் சிரிக்கிறேன்.

அம்மா மட்டும் சிரிப்பதில்லை. "சிரிக்கட்டும் விடு. மேல எழுதினது ஊருக்கு. கீழ நீ வெட்டினது உங்கப்பாவுக்கு" என்பாள்.

ஆறுதலுக்குத்தான் சொல்கிறாள். ஆனால் அப்படியென்றால் மண்ணுக்குள் படுத்துக்கொண்டு அவர் தினமும் படிப்பது அதைத்தான்.