கிரேக்கத் தீவில் நான் எடுத்த ஓய்வு

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்பும் பண்பும் நிறைந்த மருமகன் சுபாஸ் அவர்களுக்கு,

மாமா செபநாயகம் எழுதிக்கொள்வது. புனித யாகப்பர் காவலில் நானும் உங்கள் மாமி அற்புதராணியும் சுகம். பரிஸ் நகரில் நீங்களும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம். 'சுகம்' என்ற சொல்லை மரியாதைக்காகத்தான் எழுதினேன்.

போன கிழமை தொலைபேசியில் மறுபடியும், "மாமா, தீவிலை நல்லா ரெஸ்ற் எடுத்தனீங்களோ?" என்று கேட்டீர்கள். மாமி பக்கத்தில் நின்றதால் "ஓம் தம்பி" என்றேன். அது பொய். உங்களுக்கு லீவு கிடைக்காமல் மகள் கிறிஸ்ரினா மட்டும் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். ஏதென்சிலிருந்தே எங்களை நேராக ஊருக்கு விமானம் ஏற்றியும் விட்டாள். நடந்ததை அவள் சீனி போட்டுத்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். ஆகவே உள்ளதை உள்ளபடி நான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடு. கடலோர வீடு என்றீர்கள். கடல் கீழே இருந்தது, வீடு மலை உச்சியில் இருந்தது. வாகனம் ஏறாது, படிதான். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம் என்று கிறிஸ்ரினா ஒரு கழுதையைப் பிடித்தாள். பெட்டிகளுக்காக்கும் என்று நான் நினைத்தேன், எனக்காம்! மாட்டேன் என்று சொல்லச் சொல்ல, கழுதைக்காரன் என் பேச்சு விளங்காமல் இடுப்பில் பிடித்துத் தூக்கி இருத்திவிட்டான். வெள்ளைச் சேட்டோடு கழுதையின் பிடரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் போக, வழியில் நின்ற வெள்ளைக்காரர் எல்லாம் படம் எடுத்தார்கள். என் மகளும் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டாள். நான் உச்சிக்குப் போய்ச் சேருமுன் படம் குருநகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊருக்கு வந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறேன், தமையன் மகன் ஜெரிசன் மதிலில் குந்தியிருந்து, கழுதையில் வந்த யேசுவை வரவேற்றதுபோல, "ஓசன்னா, சித்தப்பா! குருத்தோலை கொண்டரட்டோ?" என்று கத்துகிறான். ஐஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து நான் சேர்த்த மரியாதை முழுவதும் அந்தக் கழுதையோடு போயிற்று.

அடுத்தது சாப்பாடு. வீட்டுக்காரி எலேனி என்றொரு மனுசி, மாமியின் வயதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது, மாமிக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனாலும் விடிந்தால் பொழுதுபடுமட்டும் இரண்டு பேரும் ஒரே கதை, ஒரே சிரிப்பு. மாமி பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோன மிளகாய்த்தூளைப் போட்டு மீன்குழம்பு வைத்துக் கொடுக்க, எலேனி கண்ணீரும் மூக்குமாக அழுதழுது சாப்பிட்டுவிட்டுக் கோப்பையை மறுபடியும் நீட்டினார். எனக்கு மிஞ்சவில்லை. வெட்டிப் போட்ட தக்காளிக்கு மேல் ஒரு சீஸ் கட்டியை வைத்துத் தந்து, "ரெஸ்ற் எடுக்கிற ஆக்களுக்கு இதுதான் நல்லது, அப்பா" என்றாள் உங்கள் மனைவி.

இதெல்லாம் சின்ன விசயம். இனித்தான் பெரிது. மாமி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவரின் தகப்பனார் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அன்று தொட்டு மாமி கடலில் கால் நனைத்ததில்லை. கடற்கரை வீதியால் நடந்தால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாங்கள் கலியாணம் முடித்த நாளிலிருந்து வீட்டின் கடல்பக்க யன்னல் பூட்டித்தான் கிடந்தது. வெக்கையில் வெந்தவன் நான்.

அப்படிப்பட்டவர் அந்தத் தீவில் என்ன செய்தார் என்று கேளுங்கள். கடற்கரையில் குடைக்குக் கீழே என்னைச் சாய்கதிரையில் கிடத்தினார்கள். நான் நீளக் காற்சட்டை, சேட்டு, சப்பாத்தோடு. சுற்றிவர மற்ற ஆட்கள் கிடந்த கோலத்தில் ஒரு மனிதன் எந்தப் பக்கம் பார்ப்பது? கண்ணை மூடினேன், நித்திரையாகிவிட்டேன். விழித்தால் பக்கத்தில் மாமியின் செருப்பு மட்டும் கிடக்கிறது. கடலைப் பார்த்தேன். மாமி தண்ணீரில் மல்லாக்கக் கிடந்தார். கை விரிந்தபடி, கண் மூடியபடி. அசைவில்லை.

மருமகன், அந்த நேரம் எனக்குள் என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. "அற்புதம்! அற்புதம்!" என்று கத்திக்கொண்டு சப்பாத்தோடு ஓடினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகுதான் எனக்கு நீந்தத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. ஓர் அலை வந்தது. கத்தத் திறந்த வாயிலிருந்து மேல்வரிசைப் பல்செட்டைக் கொண்டுபோய்விட்டது. விசில் ஊதிக்கொண்டு வந்த ஒரு தடியன் என்னைக் கொலரில் பிடித்து இழுத்து, மணலில் போட்டு, நெஞ்சை அமத்தத் தொடங்கினான். "விடடா, நான் சாகேல்லை!" என்று குளறினேன். பல்லில்லாத வாயால் சொன்னது தமிழனுக்கே விளங்கியிராது, அவனுக்கு எப்படி விளங்கும்?

மாமி எழும்பி நடந்து வந்தார். நடந்து! அவர் கிடந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். கழுத்துக்குக் கீழே கைகொடுத்து மிதக்கப் பழக்கினது எலேனியாம்.

"என்னப்பா உது? உங்களை ஓய்வெடுங்கோ எண்டு விட்டிட்டுப் போனா, உந்தக் கூத்தோ?" என்று என்னையே பேசினார்.

பிறகு தீவை விட்டு வெளிக்கிடுமட்டும் எனக்குத் தயிர்தான். அப்பா தயிரை விரும்பிச் சாப்பிட்டார் என்று கிறிஸ்ரினா உங்களுக்குச் சொன்னாளாம். விரும்பி!

அன்று பின்னேரம் தலைமயிரைக் காயவிட்டுக்கொண்டிருந்த மாமியிடம், "உமக்குப் பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"ஐயாவைக் கொண்டுபோன தண்ணியெண்டு இவ்வளவு காலமும் அதோடை கோவமப்பா. இண்டைக்கு அதிலை படுத்துப் பாத்தன். என்னைத் தாங்கினது" என்றார்.

நான் தயிரை எடுத்துச் சாப்பிட்டேன். பல்தான் இல்லையே.

சரி, அது அங்கே நடந்தது. இங்கே வந்தாவது அடங்கினாரா? யன்னலைத் திறந்துவிட்டார், என் பேப்பரெல்லாம் வீடு முழுக்கப் பறக்கிறது. முன்வீட்டு மனுசி றோசையும் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குக் குளிக்கப் போகிறார். பங்குச் சுவாமியார் என்னை மறித்து விசாரிக்கிறார். சனி மத்தியானம் நானே சோறு போட்டுச் சாப்பிடுகிறேன். உதுக்கெல்லாம் ஆர் பொறுப்பு, மருமகன்? ஆகவே இனிமேல் தயவுசெய்து எங்களை எங்கேயும் ஓய்வெடுக்க அனுப்ப வேண்டாம். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு சொக்லட் பெட்டி அனுப்புங்கள்.

உங்கள் இருவருக்கும் மாதாவின் அடைக்கலமும், லீவு தராத உங்கள் முதலாளிக்கு நல்ல புத்தியும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமா,
செபநாயகம்

பி.கு: பரிஸ் கடைகளில் என் அளவுக்கு நீந்துகிற காற்சட்டை கிடைத்தால் ஒன்று அனுப்பவும். கடும்நீலம் நல்லது. இங்கே கடையில் கேட்க வெட்கமாக இருக்கிறது. வருகிற சனிக்கிழமை என் கழுத்தை மாமி பிடிப்பாராம், நான் ஆடாமல் படுத்தால் போதுமாம். இடுப்பளவு கிறிஸ்ரினாவுக்குத் தெரியும். எதற்கென்று மட்டும் அவளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.