ஹேர்ட்டுக்கு ஸ்பிரே, இன்ஜரிக்கு ஆட்டோ

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் தேடினாலும், எங்கள் ஸ்பிரே அண்ணனைப்போல இங்கிலீஷைக் கட்டிக்காத்த ஒரு மனிதரைக் காணமுடியாது. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷே இரண்டு சொல்தான் என்பது வேறு விஷயம்.

பெரியகல்லாற்றில் மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் விற்பது அவர் தொழில். சனி, ஞாயிறுகளில் எங்கள் கிரிக்கெட் கழகத்தின் வைத்தியக் குழு. குழு என்றால் அவர் மட்டும்தான். எப்போதோ ஒரு முதலுதவி வகுப்புக்குப் போய் அந்த இரண்டு சொல்லோடு திரும்பியிருந்தார். வெறும் வலி என்றால் 'ஹேர்ட்'. உடம்பில் ஏதும் பழுதானால் 'இன்ஜரி'. ஹேர்ட்டுக்கு ஸ்பிரே, இன்ஜரிக்கு ஆட்டோ. இதை மாற்றிச் சொல்பவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை.

பந்து பட்டு யாராவது விழுந்தால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவார். பட்ட இடத்தை அமத்துவார், மடக்குவார், நீட்டுவார். பந்தைவிட அந்தச் சோதனைதான் அதிகம் வலிக்கும். "ஹேர்ட்தான். எழும்பு மனே" என்று தீர்ப்புச் சொல்லி, தீர்த்தம் தெளிப்பதுபோல் ஸ்பிரே அடிப்பார். வீங்கினால் மீன்பெட்டி ஐஸ் வைப்பார். வீட்டுக்குப் போகும்போது பூனைகள் பின்னால் வரும்.

ஒருமுறை அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் சாதாரண ஹேர்ட் ஒன்றை இன்ஜரி என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்தைக் குறுக்கறுத்துப் போய், மைக்கை வாங்கி, ஊருக்கே திருத்தம் அறிவித்துவிட்டு வந்தார். காதலி வேறு மாப்பிள்ளைக்குச் சம்மதித்துவிட்டாள் என்று எங்கள் விக்கெட் காப்பாளன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தபோதும் நாடி பிடித்துப் பார்த்தார். ஹேர்ட்தான், சனிக்கிழமை விளையாடலாம் என்றார். அவனும் விளையாடினான்.

போன வருடம் வாழைச்சேனை அணியோடு இறுதிப் போட்டி. கடினப்பந்து. கடைசி ஓவரில் எங்கள் ஒரே நம்பிக்கை சுதன். அவனுக்குக் கத்தாரில் வெல்டிங் வேலை சரிவந்து, திங்கட்கிழமை கொழும்பில் மருத்துவப் பரிசோதனை. சுவர் மட்டத்தில் நின்றுபோன வீட்டுக்கு அந்த வேலையால்தான் கூரை வரும் என்று அவன் தாய் காத்திருந்தார். எல்லாம் தெரிந்தும் நாங்கள்தான் அவனைக் கெஞ்சி இறக்கியிருந்தோம். கோப்பை ஆசை அப்படி.

பந்து ஒன்று எகிறி அவன் விரலில் பட்டது. அண்ணன் ஓடினார், அமத்தினார், மடக்கினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

"இன்ஜரி. ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றார்.

தன்னால் விளையாட முடியும் என்று சுதன் கத்தினான். கப்டனோ அண்ணனின் காலில் விழாத குறை. அண்ணன் மட்டையைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவனை ஆட்டோவில் தள்ளினார். இறங்க மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். முதல் பந்திலேயே என் ஸ்டம்ப் பறந்த கதையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஊர் அண்ணனைப் பிடித்துக்கொண்டது. தெரிந்ததே இரண்டு சொல், அதுவும் ஒழுங்காகத் தெரியாது என்று சந்தியில் நின்று சிரித்தார்கள். சுதன் பரிசோதனையில் தேறி, அவரோடு முகம்கொடுத்துப் பேசாமலே விமானம் ஏறினான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஐஸ் வாங்கப் போன சாட்டில் கேட்டேன்.

"அது ஹேர்ட்தான் மனே. தொட்டவுடனே தெரிஞ்சிது."

"மறுகா ஏன் அண்ணன் இன்ஜரி எண்டு சொன்னீங்க?"

"நிண்டிருந்தா இன்னும் பந்து வந்திரிக்கும். விரல் முறிஞ்சா திங்கக்கிழமை ஆரு கொழும்புக்குப் போற?"

ஊருக்கு உண்மையைச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். தெரிந்தால், தன்னைக் காப்பாற்றப் போய்த்தான் கோப்பை போனது என்று சுதன் அங்கே இருந்து யோசித்துக்கொண்டிருப்பானாம். அண்ணனும் சரி சுதனும் சரி வார இதழ் வாசிக்கிற ஆட்கள் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் சுதன் வீட்டுக்குக் கூரை ஏறியது. அண்ணன் வேலையாட்களுக்கு ஐஸ் போட்ட சர்பத் கொண்டுவந்திருந்தார். ஆணி அடித்தவன் சுத்தியலால் தன் விரலிலேயே போட்டுக்கொண்டான். "அண்ணன், இது ஹேர்ட்டா இன்ஜரியா?" என்று ஒருவன் நக்கலாகக் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கெங்க மனே அதெல்லாம் தெரியும்" என்றார் அண்ணன், கூரையை அண்ணாந்து பார்த்தபடி. அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.