மூன்று அங்குலத்தில் ஒரு சர்க்காரைத் திட்டியவர்

பெங்களூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தே கிழவனானவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: மூன்று அங்குல அகல இடத்துக்குள் ஒரு சர்க்காரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் திறமை இந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்கள் ஆபீசில் யாரும் அதைத் தேடிப் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் 'ரிமார்க்ஸ்'.

டவுன் பஸ்களைத் தனியாரிடமிருந்து சர்க்கார் எடுத்துக்கொண்டு சில வருஷங்கள் ஆகியிருந்தன. அறுபதுகளின் ஆரம்பம். நான் பஸ் இலாகாவின் தலைமை ஆபீசில் குமாஸ்தா, அதுவும் வேலை நிரந்தரமாகாத குமாஸ்தா. ரிமார்க்ஸ் விவேக் நகர் திருப்பத்தில் டைம்கீப்பர். உட்கார்ந்தால் முழங்கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரக்கூண்டுதான் அவருடைய ராஜ்யம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்று அவர் ஷீட்டில் எழுதவேண்டும். ஷீட்டின் ஓரத்தில் மூன்று அங்குலக் கட்டம் ஒன்று உண்டு. தலைப்பு, 'ரிமார்க்ஸ்'.

மற்ற டைம்கீப்பர்கள் அதில் 'பஞ்சர்' என்றோ 'மழை' என்றோ எழுதுவார்கள். பாதிப்பேர் ஒரு கோடு கிழித்துவிட்டு பீடி பற்றவைப்பார்கள். நம்மவர் அந்தக் கட்டத்தில் தொடங்கி, மார்ஜினில் ஏறி, தலைப்பை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் இறங்கி, அங்கேயும் போதாமல் டிக்கெட் கட்டின் காலி அட்டையில் மிச்சத்தை எழுதிக் குண்டூசி குத்தி அனுப்புவார். இங்கிலீஷில் ஆரம்பிப்பார். கோபம் ஏறினால் தமிழுக்கு வருவார். தலைக்கேறினால் கன்னடம். இதையெல்லாம் படித்துச் சுருக்கம் எழுதுவதற்காகவே என்னை வேலைக்கு எடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

"வண்டி இருபது நிமிஷம் லேட். காரணம், டயர் இல்லை. டயர் வாங்கப் பணம் இல்லையாம். போன வாரம் பெரிய அதிகாரி ரூமுக்குப் புது சோபா போனதை என் கண்ணால் பார்த்தேன். அந்த சோபாவுக்கு நாலு சக்கரம் மாட்டி இந்த ரூட்டுக்கு அனுப்பவும்." இது ஒரு செவ்வாய்க்கிழமை ரிமார்க். புதன்கிழமை இன்னும் சூடாக வந்தது: "சர்க்கார் பஸ், சர்க்காருக்கே வரி கட்டுகிறது. இடது பாக்கெட்டிலிருந்து எடுத்து வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு பாக்கெட்டும் காலி என்று ஜனங்களிடம் அழுவது எந்த ஊர் நியாயம்?"

நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் எழுதியதில் பொய் என்ன இருந்தது? ஜனங்கள் கொடுத்த டிக்கெட் காசு முழுவதும் கஜானாவுக்குப் போகும். பிறகு ஒரு பிரேக் கட்டைக்காக நாங்கள் அதே கஜானாவுக்கு மூன்று பிரதி எடுத்து, பல்லைக் காட்டி விண்ணப்பம் எழுதுவோம். அது வருவதற்குள் வண்டி இரண்டு தடவை சுவரில் முட்டியிருக்கும். இந்த லட்சணத்தில் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. ஒவ்வொரு ரூட்டும் தன் சொந்தக் காலில் நிற்கவேண்டுமாம். நஷ்ட ரூட்டுகளை வெட்டவேண்டுமாம்.

ஸ்டேஜ் வாரியாக எங்கே எத்தனை டிக்கெட் விற்றது என்று பட்டியல் போடும் வேலை எனக்கு வந்தது. ஈஜிபுராவிலிருந்து கன்டோன்மென்ட் போகும் காலை முதல் பஸ்ஸைப் பார்த்தேன். ஈஜிபுராவில் விற்ற டிக்கெட் ஒன்று. அடுத்த நாளும் ஒன்று. மாதம் பூராவும் ஒன்றே ஒன்று. 'ஒரே பயணிக்காக ஒரு பஸ் ஓடுகிறது. ஈஜிபுரா வரை போகாமல் விவேக் நகரோடு நிறுத்தலாம்' என்று அழகான கையெழுத்தில் குறிப்பு எழுதினேன். சூப்பிரண்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நான்காம் நாள் ரிமார்க்ஸிடமிருந்து ஷீட் வந்தது. முதல் வரியிலேயே கன்னடம். "ரோடு லாபம் சம்பாதிக்கிறதா? தெருவிளக்கு சம்பாதிக்கிறதா? லால்பாக்கில் பூக்கிற பூவிடம் போய்க் கணக்குக் கேட்டீர்களா? பஸ்ஸிடம் மட்டும் என்ன கேள்வி?" என்று தொடங்கி, அந்தக் குறிப்பு எழுதினவன் ஈஜிபுராவை மேப்பிலாவது பார்த்திருக்கிறானா என்பதில் முடிந்திருந்தது. சூப்பிரண்டு முகம் சிவந்து, "ஏன்ரீ இது! போய் அந்த ஆளை எச்சரிக்கை பண்ணிட்டு வாரும்" என்று என்னை அனுப்பினார்.

கூண்டுக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே ஒல்லியாக, காதில் பென்சிலோடு, இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஒன்று இலாகா கொடுத்தது. இன்னொன்று சரியான மணி காட்டுவது.

"ஒரே பயணின்னு எழுதின புண்ணியவான் நீதானா?"

"கணக்கு அப்பிடித்தான் சார் வருது."

"கணக்கு வருது. நீ வந்தியா? நாளைக்கிக் காலைல அஞ்சரைக்கு ஈஜிபுராவுக்கு வா. பஸ்ஸுல வரலாம்னு பாக்காத, அந்நேரத்துக்கு பஸ்ஸு கெடையாது. நடந்து வா."

எச்சரிக்கப் போனவன் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் கண்டதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் ஐம்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். கட்டிட வேலைக்குப் போகிறவர்கள், பங்களாத் தோட்டக்காரர்கள், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள். ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறினார்கள். தூக்குச் சட்டியை, சோற்று மூட்டையை, மண்வெட்டியை, ஒரு கூடை முருங்கைக்காயை ஸீட்டில் வைத்தார்கள். வைத்துவிட்டு எல்லாரும் இறங்கிவிட்டார்கள்! கால் விந்திய ஓர் அம்மாள் மட்டும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி ஆயா ரோஸம்மா. என் பட்டியலின் ஒரே பயணி. கண்டக்டர் அவளுக்கு ஒரு டிக்கெட் கிழித்து விசில் ஊதினார். பஸ் நடக்க ஆரம்பித்தது. ஆமாம், நடக்கத்தான் ஆரம்பித்தது. வேகமாகப் போனால் மூட்டைகள் முன்னால் போய்ச் சேர்ந்து, சொந்தக்காரர்கள் பின்தங்கிவிடுவார்களே! அதனால் டிரைவர் ஜனங்களோடு ஜனமாக பஸ்ஸை உருட்டிக்கொண்டு வந்தார். ரோஸம்மா ஜன்னல் வழியாக எல்லாரிடமும் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தாள். விவேக் நகர் திருப்பத்தில் அத்தனை பேரும் டிக்கெட் வாங்கி ஏறினார்கள். பஸ் பிதுங்கியது.

"ஏம்பா, அங்கியே ஏறிக்கிறதுக்கு என்ன?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"ஒரு ஸ்டேஜுக்கு அஞ்சு நயா பைசா சார். நடந்தா சாயங்காலம் ஒரு டீ ஆச்சு."

ரோஸம்மாவிடம் கேட்டேன். "நான் நடக்கணும்னா எட்டு மணிக்குத்தான் வார்டுக்குப் போய்ச் சேருவேன். ஆறரை டூட்டி. ரெண்டு நாள் லேட்டானா பேரை எடுத்துருவாங்க. இந்த பஸ்ஸை நிறுத்தறாங்களாமே, எந்தப் பாவி சார் அது?" என்றாள்.

கூண்டுக்கு ஓடினேன். "சார், இதை எழுதுங்க சார்! பின்பக்கம் பூரா எழுதுங்க!"

"எழுதினா? டிக்கெட் இல்லாத லக்கேஜுன்னு கண்டக்டரைத் தூக்குவான். ஆமை மாதிரி ஓட்டினான்னு டிரைவரைத் தூக்குவான். உண்மைய எழுதினா ரெண்டு பேர் வேலை போவும், எழுதாட்டி பஸ்ஸு போவும். இதுக்குப் பேரு நிர்வாகமாம்!" என்று கூண்டே ஆடும்படி மேஜையைக் குத்தினார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பஸ்ஸை வெட்டுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் மூன்று நாள் ரகசியமாக வந்து தலை எண்ணுவார். அந்தத் தேதி சீல் வைத்த கவரில் இருந்தது. கவரை ஒட்டியவன் நான். "வர்ற திங்கக்கிழமைலேர்ந்து புதன்கிழமை வரைக்கும் சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரிமார்க்ஸ் காக்கி யூனிஃபாரத்தோடு ஈஜிபுராவில் வீடு வீடாக நுழைந்தார். "மூணு நாள் டீ குடிக்காட்டி எவனும் செத்துரமாட்டீங்க. நீங்க மிச்சம் புடிக்கிறது அஞ்சு நயா பைசா. அவன் மிச்சம் புடிக்கப் போறது ஒரு பஸ்ஸு! அப்பறம் மூட்டைய ஒங்க தலைல வெச்சிக்கினு நடங்க, ரோஸம்மாவையும் தூக்கிக்கினு நடங்க!"

திங்கட்கிழமை ஐம்பது பேரும் ஏறிவிட்டார்கள். அத்தனை நாள் மகாராணி மாதிரி போன ரோஸம்மா, "என்னாத்துக்கு இடிக்கிறே? இது என் பஸ்ஸுய்யா" என்று சண்டைக்கு நின்றாளாம். இன்ஸ்பெக்டர் மூன்று நாளும் எண்ணி எண்ணி வியர்த்துப்போனார். பஸ் தொடரலாம் என்று மேலிடம் கையெழுத்துப் போட்டது. வியாழக்கிழமை காலையில் எல்லாரும் பழையபடி மூட்டையை வைத்துவிட்டு நடந்தார்கள்.

ஒன்று, ஐம்பது, மறுபடி ஒன்று என்று போன கணக்கு ஆடிட்டர் கண்ணில் படாமல் இருக்குமா? விசாரணை வந்தது. பஸ்ஸை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உத்தரவை ரத்து செய்ய இன்னொரு தலை எண்ணிக்கை வேண்டும், அதற்கு பட்ஜெட்டில் பணம் இல்லை! கோபத்தையெல்லாம் ரிமார்க்ஸ் மேல் திருப்பினார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? 'பதவியைப் பயன்படுத்திப் பயணிகளைத் திரட்டினார்.' பஸ்ஸுக்கு ஆள் சேர்த்தவனை பஸ் இலாகா தண்டிக்கிறது!

மெமோவில் நாலு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிலுக்கு ஒரு கட்டம். நாலாவது கேள்வி: 'தேதியை உமக்குச் சொன்னது யார்? பெயரைச் சொன்னால் தண்டனை தளர்த்தப்படும்.' பதில் வந்த கவரை நான்தான் பிரித்தேன். பிரிக்கும்போதே என் சீட்டு கிழிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். முதல் மூன்று கேள்விகளுக்கும் சோபாவிலிருந்து லால்பாக் வரை எல்லாம் எழுதி, மார்ஜினெல்லாம் நிரப்பியிருந்தார். நாலாவது கட்டம் காலி. ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை.

சம்பளத்தை வெட்டி, ஊர்க்கோடியிலிருந்த சந்தாபுராவுக்கு அவரைத் தூக்கியடித்தார்கள். அந்த ஆர்டரை டைப் அடித்த கையும் என் கைதான். நான் எழுந்து நின்று, நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோழை. வேறு பெயர் கிடையாது.

அடுத்த மாதம், என் வேலை நிரந்தரமான கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தாபுரா போனேன். அங்கே கூண்டுகூட இல்லை, புளியமரத்தடியில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் இரண்டு கடிகாரம். இவர் மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஒன் வண்டி பதினோரு நிமிஷம் லேட்டு" என்றார்.

"சார், என் பேரை எழுதியிருந்தா ஒங்கள விட்டிருப்பாங்களே சார். ஏன் சார் எழுதல?"

காதிலிருந்து பென்சிலை எடுத்து ஷீட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"எடம் பத்தலப்பா" என்றார்.