மேற்பார்வையாளரின் சப்பாத்து எட்டு டொலர்

பக்தியால் யாரும் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பக்தியுள்ள ஒருவன் கையில் விலை ஒட்டும் மெஷினையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

நான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையை மூடி இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அரசாங்கம் தரும் வெல்ஃபெயர் காசில்தான் வீட்டில் நாலு பேரும் சாப்பிட்டோம். ஒருநாள் வெல்ஃபெயர் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். இனி மூன்று மாதம் நான் ஓர் இடத்தில் சம்பளமில்லாமல் வேலை பழக வேண்டுமாம். மாத முடிவில் அங்குள்ள மேற்பார்வையாளர் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். கையெழுத்து இல்லையென்றால் காசு நின்றுவிடுமாம். (சொன்ன விதம் மட்டும் மிகவும் அன்பாக இருந்தது.)

அனுப்பிய இடம் வோபர்ன் என்ற பகுதியில் ஒரு பழைய சாமான் கடை. சனங்கள் வேண்டாமென்று கொடுக்கும் பொருட்களை விற்று, வரும் காசைத் தருமத்துக்குக் கொடுப்பார்கள். பின்னறையில் பைகளைப் பிரித்து விலை ஒட்டுவது என் வேலை. கோயிலில் கேட்டவர்களிடம், "பெரிய ஸ்டோர் ஒண்டில எடுத்திருக்கினம்" என்று சொல்லி வைத்தேன். பொய்யில்லை. கடை பெரிதுதான்.

மேற்பார்வையாளரின் பெயர் குளோரியா. ஜமேக்காவிலிருந்து வந்தவர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். முதல் கிழமையே ஒரு பெட்டியைத் திறந்தேன். கக்கூஸ் பிரஷுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் பித்தளைப் பிள்ளையார். அவரைக் கழுவித் துடைத்து, குளோரியாவின் அறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்த சுவர்த் தட்டில் வைத்துவிட்டு, விற்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். (குளோரியா பேசியது ஆங்கிலம். என் காதில் அது இப்படித்தான் விழுந்தது.)

"இவர் உம்மட கடவுளோ?"

"ஓம். இவருக்கு முன்னால சப்பாத்தோட போகக்கூடாது."

"அப்ப நானும் கழட்டிப்போட்டே என்ர அறைக்குப் போறன். கடவுளுக்குக் குடுக்கிற மரியாதை எனக்கும் தெரியும்."

சொன்னபடியே செய்தார். அவருடைய கறுப்புச் சப்பாத்து தினமும் பிள்ளையாரின் தட்டுக்குக் கீழே இருக்கும்.

அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. கையெழுத்து வாங்கும் நாள். எனக்கு விரதம், நெற்றி நிறையத் திருநீறு. "பிள்ளையாரே, என்ர கெட்டித்தனத்தை இண்டைக்கு அந்த மனுசிக்குக் காட்டித் தாரும்" என்று வேண்டிக்கொண்டு தொடங்கினேன். பிள்ளையார் நான் கேட்டதை அப்படியே கொடுத்தார்.

வெளியே ஸ்னோ கொட்டியது. புதிதாக வந்த பைகளை உள்ளே இழுத்து வந்து தட்டுக்குக் கீழே அடுக்கினேன். அடுக்கி முடித்து, வெளியே மிச்சப் பைகளை எடுத்துவரப் போய்த் திரும்பினால், அந்தப் பைகளுக்கு நடுவில் மண்ணிறத்தில் ஒரு சோடி வின்டர் பூட்ஸ். தொட்டால் உள்ளே சூடாக இருந்தது. (அப்போதாவது யோசித்திருக்கலாம். ஹீட்டர் சூடு என்று நினைத்தேன்.) ஸ்னோவுக்கு வீதியில் கொட்டும் உப்பின் கறையைத் துடைத்து, எட்டு டொலர் ஒட்டி, முன்பக்கம் கொண்டுபோய் வைத்தேன்.

வைத்த உடனேயே ஒரு தமிழ்ப் பெண் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணை, புதுசு மாதிரியெல்லோ கிடக்கு. செத்த ஆக்களின்ரயோ?"

"சீச்சீ. நல்ல ஆக்கள் குடுத்தது. யோசிக்காமல் எடுங்கோ தங்கச்சி."

காசைக் கொடுத்து, அங்கேயே காலில் மாட்டிக்கொண்டு போனார். அவருக்குக் கதவும் திறந்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் குளோரியா அறையை விட்டு வந்தார். கையில் என் படிவம். காலில் வெறும் காலுறை.

"என்ர பூட்ஸைக் கண்டனீரோ?"

நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டும் இல்லாமல் பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினேன். அந்தப் பெண் ஏறி இருந்துவிட்டார். கண்ணாடியில் தட்டி, அவர் காலைக் காட்டிக் கத்தினேன். அவர் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். பிறகு, அளவு சரி என்பது போலப் பெருவிரலை உயர்த்திச் சிரித்தார். பஸ் போய்விட்டது.

திரும்பி வந்தபோது படிவம் மேசையில் கிடந்தது, கையெழுத்தில்லாமல். என் கண்முன்னால் பிள்ளைகள் இரண்டு பேரின் முகமும் வந்து நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் நெற்றியில் திருநீறு இருந்தது.

"நான்தான் வித்துப்போட்டன். எட்டு டொலருக்கு" என்றேன். பிறகு குனிந்து என் சப்பாத்தைக் கழற்றி நீட்டினேன். "இதைப் போட்டுக்கொண்டு போங்கோ. நான் சமாளிப்பன்."

குளோரியா என் காலுறை ஓட்டைக்குள்ளால் எட்டிப் பார்த்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு. விற்பனைக்கிருந்த மஞ்சள் ரப்பர் பூட்ஸ் ஒரு சோடியைக் காலில் மாட்டிக்கொண்டார். பிறகு படிவத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்து வைத்தார்.

வீட்டில் மகள்தான் வாசித்துச் சொன்னாள். "நேர்மையான மனிதர். நன்றாக வேலை செய்கிறார். சப்பாத்துப் பக்கம் மட்டும் விடக்கூடாது."

"அதென்னப்பா சப்பாத்துப் பக்கம்?" என்று மனைவி கேட்டா. வேறு வழியில்லாமல் சொன்னேன். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "சப்பாத்தைக் கவனமா வையுங்கோ, இவர் வாசலில நிக்கிறார்" என்பா.

அந்தப் பிள்ளையார் இப்போது எங்கள் சாமியறையில் இருக்கிறார். மூன்று மாதம் முடிந்த கடைசி நாளில் குளோரியா தூக்கித் தந்தது. போன ஆவணிச் சதுர்த்திக்கு அவரையும் கூப்பிட்டோம். வாசலில் இருபது, முப்பது சோடி சப்பாத்து. குளோரியா தன்னுடையதைக் கழற்றினார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு துணிப்பையை விரித்து, சப்பாத்தை உள்ளே போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, என்னைத் தாண்டிப் போய் என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிடப் போனார்.