போசி போன வீடு

“வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அம்மா போசிய நல்லா வெளக்கி வெச்சுடு,” என்று பொம்மிடியிலிருந்து தங்கை கோகிலவாணி போனில் சொன்னபோது, சோபனாவின் கண் தானாகச் சமையலறை மேல்தட்டுக்குப் போனது. தூக்குப்போசி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம்தான் இருந்தது. சுற்றிலும் தூசி, நடுவில் சுத்தம்.

“வெச்சுடறன்,” என்றாள்.

“இருக்குதில்ல?”

“இல்லாம எங்க போவுது?”

எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். எதிர் வீட்டுக்குப் போனது. போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

அம்மா இறந்த பிறகு நகையைப் பிரித்துக்கொள்வதில் அக்கா தங்கைக்குள் ஒரு பேச்சும் வரவில்லை. போசிக்குத்தான் வந்தது. பழைய எவர்சில்வர் தூக்குவாளி, நல்ல கனம், பக்கவாட்டில் புள்ளிப் புள்ளியாக ‘சென்னம்மாள்’ என்று வெட்டியிருக்கும். குலசாமி கோயிலில் வைக்கிற முதல் பொங்கல் வருஷா வருஷம் அதில்தான் வீட்டுக்கு வரும். “உங்கிட்ட இருந்தா எதையாவது போட்டு எவளுக்காவது தூக்கிக் குடுத்துடுவ, எங்கிட்டயே இருக்கட்டும்,” என்று கோகிலவாணி பத்துப் பேர் முன்னால் சொன்னாள். சோபனா அம்மாவின் படத்தைத் தொட்டு, போசி இந்த வீட்டுப் படியைத் தாண்டாது என்று சத்தியம் செய்து வாங்கி வைத்துக்கொண்டாள்.

தாண்ட வைத்தது தக்காளி.

பாலக்கோட்டுப் பக்கம் அவள் கணவர் சந்திரமோகனுக்குத் தோட்டம். இந்த வருஷம் கொடிக்குக் கொடி காய். மண்டியில் கேட்ட விலை பறிகூலிக்கே காணவில்லை. மற்றவர்கள் ரோட்டோரம் கொட்டினார்கள். சந்திரமோகனுக்குக் கொட்ட மனசு வரவில்லை. பிளாஸ்டிக் கிரேடுப் பெட்டிகளில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஹாலில் கிரேடு, திண்ணையில் கிரேடு, மாடிப்படியில் படிக்கொரு கிரேடு. ஓசூருக்குப் போய்விட்ட மகள் தேவிப்பிரியாவின் அறையில் கட்டில் மேலேயே பரப்பி வைத்திருந்தார். கொண்டுவந்து இறக்கிவிட்டு மறுபடி தோட்டத்துக்குப் போய்விடுவார். அவளும் கிரேடுகளும் டிவியும் வீட்டில் இருப்பார்கள்.

சோபனாவுக்குச் சின்ன வயதில் வீட்டில் குழம்புக்குத் தக்காளி ஒன்றுதான் போடுவார்கள். அதனால் அழுகுகிற ஒவ்வொரு பழத்தையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தொக்கு கிண்டினாள். கிண்டிக்கொண்டே இருந்தாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். கொடுக்கப் பாத்திரம் இல்லாமல் போன ஒரு நாள், இருந்த அவசரத்தில், தொக்கு அம்மாவின் போசியில் ஏறி எதிர் வீட்டுக்குப் போய்விட்டது.

போனதைக் கேட்டு வாங்கிவிடலாம்தான். ஆனால் அந்தத் தெருவில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரை, ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் தருவார்கள். ஆகவே ‘என் போசியைக் கொடு’ என்று கேட்பது, ‘அதில் எதையாவது போட்டுக் கொடு’ என்று கேட்பது மாதிரி.

எதிர் வீட்டில் போட என்ன இருக்கும்? நூர் பாஷாவுக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சோபா குஷன் தைக்கிற கடை. வேலை வந்தால் வரும். ரெண்டே ரூம். அதில் அவர், மனைவி அக்தர் பேகம், பிள்ளைகள், தம்பி, தம்பி பெண்டாட்டி, தம்பி பிள்ளைகள். கதவைத் திறந்தால் ஆள் கொட்டும். ஒரு மாதமாகப் போசி திரும்பாததற்கு வேறு காரணம் இருக்க முடியாது என்று சோபனாவுக்குத் தோன்றியது. போட்டுத் தர ஒன்றுமில்லை. பாவம்.

திங்கட்கிழமை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். இன்னொரு பாத்திரத்தில் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தால், முந்தின பாத்திரம் தானாக ஞாபகம் வரும்.

நல்ல குண்டாவாக எடுத்துத் தொக்கு நிரப்பிக்கொண்டு போனாள். அக்தர் பேகம் முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கொண்டாள். “வாங்கக்கா, உக்காருங்க,” என்று பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த துணிகளை அள்ளிக் கட்டில் மேல் போட்டாள். டீ வந்தது. தம்பி பெண்டாட்டி கைக்குழந்தையைக் கொண்டுவந்து சோபனாவின் மடியில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். குழந்தை சேலையை நனைத்தது. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சோபனாவும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் கவனித்தாள். போசியும் வரவில்லை, குண்டாவும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் யோசனை இன்னும் ஆழமாகப் போனது. போட்டுத் தர ஒன்றுமில்லை என்பதுதானே சிக்கல்? போட்டுத் தருவதற்கான பொருளையும் நாமே கொடுத்துவிட்டால்? பெரிய டப்பாவில் வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் நிரப்பினாள். இதில் ஒரு கை எடுத்துப் போசியில் போட்டால் கூடப் போதும், கணக்குச் சரியாகிவிடும். தன் சாமர்த்தியம் அவளுக்கே பிடித்திருந்தது. வெறும் கவரில் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்பதால் டப்பாவோடு கொடுத்தாள்.

டப்பாவும் உள்ளே போனது.

அன்றைக்கு மூத்த மகள் ஷாஜியா காலேஜில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். லேப்பில் கண்ணாடிக் குழாயை உடைத்தது யார், பழி யார் மேல் விழுந்தது என்று நீண்ட கதை. முடிவு தெரியாமல் எப்படி எழுந்து வருவது? முடிவு தெரிந்தபோது தெருவிளக்கு எரிந்தது.

புதன்கிழமை சோபனாவுக்குத் தூக்கம் சரியில்லை. மற்ற பாத்திரமெல்லாம் தொக்கோடு தெருவில் வீடு வீடாகக் கிடக்க, காலையில் பால் காய்ச்சப் பாத்திரம் தேடித் தோசைக்கல்லைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். கொடுத்துப் பார்த்தாயிற்று. இனி கேட்டுப் பார்க்க வேண்டும். பாத்திரத்தை அல்ல, பொருளை. வெறுங்கையோடு போய் ஒரு டம்ளர் அரிசி கேட்டால், அக்தர் அதை எதில் போட்டுத் தருவாள்? கைக்கு முதலில் கிடைப்பது சோபனாவின் பாத்திரமாகத்தானே இருக்கும்?

“ஒரு டம்ளர் அரிசி இருந்தாக் குடு அக்தர். வாங்க மறந்துட்டன்,” என்று வாசலில் நின்று கேட்டாள். ஏழை வீட்டில் போய் அரிசி கேட்கிறோமே என்று உள்ளே கூசியது.

அக்தர் பேகம் அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், தெருவுக்கு அந்தப் பக்கம், கதவு திறந்து கிடந்த பெரிய வீட்டையும் பார்த்தாள். உள்ளே டிவி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

“அண்ணன் வூட்ல இல்லீங்களாக்கா?”

“தோட்டத்துக்குப் போயிட்டாரு. இருட்டினாத்தான் வருவாரு.”

“அப்ப மத்தியானம் தனியாவா சாப்புடுவீங்க?”

“என்னத்த சாப்பாடு. ஒருத்திக்குன்னு வடிக்கவா முடியுது, எதையோ தின்னு வெக்கறது.”

அக்தர் உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சோபனா நம்பிக்கையோடு காத்திருந்தாள். வந்தது நெய்ச்சோறும் பருப்புத் தால்ச்சாவும். அவர்கள் வீட்டு அலுமினியச் சட்டியில்.

“அரிசியா எதுக்குக்கா? சோறாவே தின்னுங்க. மிச்சத்த ராத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க.”

அங்கேயே உட்கார வைத்துத் தட்டில் போட்டார்கள். சோபனா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். இந்த ஜனங்கள் இருக்கிற கஷ்டத்தில் நமக்கும் போடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் வாங்கினாள்.

இப்போது அவர்கள் சட்டி இவள் வீட்டில். அதை வெறுமையாகத் தர முடியுமா? மிச்சம் இருந்த ஒரே பாத்திரமான குக்கரில் கேசரி கிளறிச் சட்டியை நிரப்பிக் கொண்டுபோனாள். பிள்ளைகள் அங்கேயே நின்று வழித்துவிட்டு, “இன்னும் இருக்குதா பெரிம்மா?” என்றார்கள். இல்லையென்று சொல்ல வாய் வருமா? ஓடிப்போய்க் குக்கரையே தூக்கி வந்தாள்.

குக்கரும் அங்கே தங்கியது.

அன்று இருட்டிய பிறகு வந்த சந்திரமோகன் சாப்பிட உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார்.

“சாம்பார் எதுக்கு மிக்ஸி ஜார்ல இருக்குது?”

“சூடு ஆறாம இருக்கும்.”

“சோறு?”

“ஹாட் பாக்ஸ்ல.”

“அது ஹாட் பாக்ஸ் இல்ல, நம்ம பாப்பா தண்ணி ஊத்தி வெளையாண்ட பக்கெட்டு.”

சோபனா ஜாரைச் சாய்த்துச் சாம்பார் ஊற்றினாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு நன்றாக வரும். “நாளைக்கு இன்னும் நாலு கிரேடு வருது,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சோபனா முடிவெடுத்துவிட்டாள். சுற்றி வளைப்பதெல்லாம் இனி இல்லை. நேராகக் கேட்டுவிடுவது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். ‘அக்தர், தப்பா நெனைக்காத. நீ ஒண்ணும் போட்டுத் தர வேண்டாம். வெறும் பாத்திரம் போதும்.’ சொல்லும்போதே மோசமாக இருந்தது. ‘உங்க வூட்ல ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும்’ என்று சொல்வதுபோல் இருந்தது. மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். எப்படி மாற்றினாலும் இல்லாமை இல்லாமையாகவே நின்றது. வசதி இருக்கிறவர்களுக்கு வாயைத் திறப்பதே எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனாலும் போனாள். தெருவைத் தாண்டுவதற்குள் ஷாஜியா பார்த்துவிட்டு, “அம்மா, பெரிம்மா வந்தாச்சு,” என்று உள்ளே குரல் கொடுத்தாள். ஏதோ வழக்கமாக வருகிற ரயிலைச் சொல்வதுபோல் சொன்னாள். நாற்காலியில் அன்று துணி இல்லை. முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள்.

சோபனா உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். அதற்குள் தம்பி பெண்டாட்டி ஒரு முறம் பூண்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். சும்மா பார்த்துக்கொண்டா இருப்பது? சோபனாவும் உரித்தாள். உரித்தால் பேச்சு வரும். அக்தர் தன் மாமியார் வீட்டுக் கல்யாணத்தில் செருப்பு மாறிய கதையைச் சொன்னாள். சோபனா யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். தேவிப்பிரியா ஓசூர் போன புதிதில், இவள் மூன்று பேருக்கும் சேர்த்தே சோறு வடித்துவிட்டு, மீந்ததைச் சாயங்காலம் மாட்டுக்குத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக மாடு தேடிப் போனதைச் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஷாஜியா மட்டும் சிரித்தாள். அக்தர் சிரிக்கவில்லை. உரிக்காத பூண்டை அவள் பக்கம் தள்ளி, “நாளைக்கும் வாங்கக்கா, இஞ்சி இருக்குது,” என்றாள்.

வீட்டுக்கு வந்து ஸ்விட்சைப் போட்டபோதுதான் போசி ஞாபகம் வந்தது. நான்கு ரூமிலும் விளக்குப் போட்டாள். விரலெல்லாம் பூண்டு வாசம்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே கோகிலவாணி வந்து இறங்கிவிட்டாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். மேல்தட்டைப் பார்த்தாள். கீழ்த்தட்டைப் பார்த்தாள். அடுப்பு மேல் பக்கெட்டைப் பார்த்தாள்.

“வூட்டுக்குத் திருடன் வந்தானா?”

“இல்ல.”

“அப்ப எங்கடி போசி?”

அக்காவை ‘டி’ போட்டாள் என்றால் நிலவரம் எப்படி என்று சோபனாவுக்குத் தெரியும். சொல்லிவிட்டாள். சத்தியம் செய்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, போட்டுத் தர ஒன்றுமில்லாத ஏழை வீடு, கேட்டால் அவர்கள் மனசு புண்படும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பாவம் என்ற சொல்லை நாலு தடவை சொன்னாள்.

“அவங்க மனசு புண்படாம இருக்கறதுக்கு எங்கம்மா போசியா?” என்று கேட்டுவிட்டுக் கோகிலவாணி செருப்புக் கூடப் போடாமல் தெருவைத் தாண்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று சோபனா பின்னால் ஓடினாள்.

வாசலில் நூர் பாஷா மட்டும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார்கள். தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவர் சோபனாவிடம் தலையசைத்ததோடு சரி, பேசியதில்லை.

“எங்கம்மா போசி இங்க இருக்குதாங்க,” என்றாள் கோகிலவாணி. “சென்னம்மாள்னு பேர் வெட்டியிருக்கும்.”

அவர் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு எழுந்தார். உள்ளே ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. சோபனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அந்த மனிதர் வெறும் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நிற்பார். அதை எந்த முகத்தோடு வாங்குவது?

முதலில் போசி வந்தது. பளபளவென்று விளக்கி, மேலே எறும்பு ஏறாமல் வெள்ளைத்துணி கட்டியிருந்தது. கோகிலவாணி முடிச்சை அவிழ்த்தாள். கழுத்து வரை சர்க்கரை. அடுத்து குண்டா, அதில் பேரீச்சம்பழம். டப்பாவில் சேமியா, மேலாக முந்திரி. குக்கரில் மாதுளம்பழம், மூடியும் விசிலும் தனியாகத் துணியில் சுற்றி. எல்லாவற்றையும் அவர் வாசற்படியில் வரிசையாக வைத்தார்.

சோபனா குக்கர் மூடியைச் சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதெல்லாம் எப்பங்க போட்டு வெச்சீங்க?”

“வந்த வந்த அன்னிக்கேங்க.”

“அப்பறம் ஏங்க குடுக்கல?”

நூர் பாஷா சட்டையிலிருந்து ஊசியை எடுத்து, நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் அப்பவே குடுத்துடலாம்னுதான் சொன்னங்க, எங்க வூட்டம்மாதான், ‘பாத்திரம் திரும்பிப் போச்சுன்னா அக்கா இங்க வர்றது நின்னுடும், பாவம், அந்த வூட்ல பேச்சுக்கு ஒரு ஆளில்ல’ன்னு எல்லாத்தையும் தூக்கிப் பரண் மேல வெச்சுட்டாங்க.”